சாந்தகுமாரி கேட்ட அனுமதி

கோல் மார்க்கெட்டில் காய்கறி விற்பவர்கள் சாந்தகுமாரி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டால் எடைக்கற்களைத் துடைத்து வரிசையாக வைப்பார்கள். கல்லைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்காமல் அவர் ஒரு கிலோ உருளைக்கிழங்குகூட வாங்கியதில்லை. காஸ் சிலிண்டர் வந்தால் அதன் வாயில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். பிறகு சிலிண்டர் தூக்கி வந்தவரின் பெயரைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வார், சுருக்கெழுத்தில்.

பாளையங்கோட்டையில் படித்து, இருபத்திரண்டு வயதில் டில்லிக்கு வந்து, ஓர் அமைச்சகத்தில் இருபத்தைந்து வருடமாக ஸ்டெனோ. ஆங்கிலத்துக்கென்று கற்றுக்கொண்ட கோடுகள் ஒலியைத்தான் எழுதுகின்றன என்பதை முதல் வருடத்திலேயே கண்டுகொண்டார். தமிழும் இந்தியும் அதே கோடுகளில் அடங்கின. பால் பூத்காரர் "நாளைக்குப் பாக்கலாம் பஹன்ஜி" என்றால் அது தேதியோடு நோட்டில் ஏறும். மறுநாள் அதே இழுவையோடு அவருக்கே வாசித்துக் காட்டப்படும். ஒரே விஷயத்தை ஒருவரிடம் இரண்டு முறை கேட்பது சாந்தகுமாரியின் வழக்கம். இரண்டு நோட்டுப் பக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த மூன்று வரன்களையும் இரண்டு முறை கேள்வி கேட்டதாக அக்கா தங்கம் சொல்லிச் சிரிப்பார். தங்கத்தின் கணவர் இளம் வயதிலேயே இறந்துவிட்டதால் அக்காவும் டில்லிக்கே வந்துவிட்டார். மந்திர் மார்க் ஓரத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இரண்டு அறைகள், இரண்டு பெண்கள். தங்கம் புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

1982 மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, தங்கத்தின் ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலும் இருந்தபோது பஸ் கிளம்பியது. இடுப்பு எலும்பில் ஆணி வைத்தார்கள். நாலு மாதத்தில் கைத்தடி பிடித்து நடந்தார். வகுப்பில் நிற்கவும் முடியும். ஆனால் இடுப்பு ஓர் அளவுக்கு மேல் மடங்காது. பஸ் படி ஏற முடியாது. ஆட்டோவில் குனிந்து நுழைய முடியாது.

பள்ளியில் நல்லபடியாகத்தான் பேசினார்கள். விடுமுறை கழிந்து ஜூலையில் திறக்கும்போது முதல் மணிக்கு வகுப்பில் இருக்க முடிந்தால் இடம் தங்கத்துக்கே. முடியாவிட்டால் வேறு ஆள் போடுவார்கள். பத்தாம் வகுப்பை எத்தனை நாள்தான் காலியாக விடுவது?

"வீட்ல உக்காந்து உன் நோட்டுக்கு உறை போடவா நான் பி.டி. படிச்சேன்?" என்றார் தங்கம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று இரவு சாப்பிடவில்லை.

சாந்தகுமாரி வண்டி தேட ஆரம்பித்தார். டாக்ஸி ஸ்டாண்டில் மாத வாடகை பேசினார். டிரைவர் சர்தார்ஜி மூன்று நாள் வந்தார்; நாலாம் நாள் அவருக்கு ஏர்போர்ட் சவாரி கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டு ஃபியட்டில் ஏற்றிப் பார்த்தார்கள். முழங்கால் முன்னால் இடித்தது. அம்பாசடரில் ஏற முடிந்தது, ஆனால் முன் சீட் போதுமான அளவு பின்னால் நகரவில்லை. கரோல் பாக் தாண்டுவதற்குள் தங்கம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "சீட் நல்லா பின்னால தள்ளணும், முதுகுப் பக்கம் சாயணும்" என்றார் டாக்டர். "அந்த மாதிரி சீட் வெளிநாட்டுக் கார்லதான் இருக்கும். உங்களுக்கு எங்கே கிடைக்கப் போகுது?"

ஏப்ரல் முதல் வாரம் ஆங்கிலப் பேப்பரின் உள்பக்கத்தில் கிடைத்தது. தூதரகங்கள் கழித்த கார்கள், மூடிய உறையில் டெண்டர், வண்டியைப் பார்க்கச் சனி, திங்கள் இரண்டு நாள். ஊரில் பூர்வீக வீட்டை விற்ற பங்கு வங்கியில் அப்படியே இருந்தது; ஓட்ட மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். சாந்தகுமாரி விளம்பரத்தைக் கத்தரித்தார். இரண்டு முறை படித்தார். எங்கோ ஏமாற்று இருக்கிறது, அது எங்கே என்றுதான் தெரியவில்லை என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை அக்காவையும் அழைத்துக்கொண்டு போனார். சாணக்கியபுரிக்கு அப்பால் சுற்றுச்சுவர் போட்ட ஒரு மைதானம். பதினேழு கார்கள் வெயிலில் நின்றன. பெரிய ஜெர்மன் கார்களைச் சுற்றித் தரகர்கள் கூட்டமாக நின்று ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் வெளிர்நீல டொயோட்டா கொரோனா ஒன்று, 1976 மாடல். சொகுசுக் கார்களுக்குள் சின்னது. அதன் பக்கத்தில் கூட்டம் இல்லை.

கூட்டம் ஏன் இல்லை? முதல் சந்தேகம் அதுதான்.

வண்டியை ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். இன்ஜினை மட்டும் காவலாள் கிளப்பிக் காட்டுவார். உட்கார்ந்து பார்க்கலாம். சாந்தகுமாரி முன்கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியை இழுத்தார். சீட் வழுக்கிக்கொண்டு பின்னால் போயிற்று. பக்கத்தில் இருந்த இன்னொரு கம்பியை இழுத்ததும் முதுகு சாய்ந்தது. தங்கம் கைத்தடியை வெளியே வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தார்.

"வலிக்கா?" என்றார் சாந்தகுமாரி.

"ஏட்டி, இதுல நான் ஆக்ராவுக்கே போயிருவேன்."

"மெள்ளப் பேசு. நமக்குப் பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சா வெலைய ஏத்திருவாங்க."

"மூடுன டெண்டர்ல எப்படிட்டி ஏத்துவான்?"

"ஏத்துவான்."

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, ஷூவில் பாலிஷ். "தமிழா? நான் காத்தவராயன். ஊர் லால்குடி. இந்த வண்டியை ஆறு வருஷம் ஓட்டினவன் நான்தான். போன மாசம் புது வண்டி வந்திச்சு, அதுக்குப் புது டிரைவரும் வந்தாச்சு" என்றார். தங்கத்தின் கைத்தடியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஊர்க்காரங்கன்றதால சொல்றேன். இதை வாங்காதீங்க."

சாந்தகுமாரி நோட்டை எடுத்தார். "சொல்லுங்க தம்பி."

"எதுக்கு எழுதுறீங்க?"

"எனக்கு ஞாபக மறதி. சொல்லுங்க."

கியர்பாக்ஸ் போய்விட்டது என்றார் காத்தவராயன். ரிவர்ஸ் விழாது, விழுந்தால் எடுக்க வராது. பாகம் கிடைக்காது, ஜப்பானிலிருந்து வர வேண்டும். அதனால்தான் தரகர்கள் யாரும் கிட்டே வரவில்லை. இதெல்லாம் நோட்டில் பதினொரு வரியாக ஏறியது.

திரும்பி வரும்போது டாக்ஸியில் தங்கத்தின் முகம் வாடியிருந்தது. "நல்ல மனுஷன். நம்மளக் காப்பாத்தினான்."

"யாரு கண்டா."

"தமிழன்ட்டி."

"அதனாலதான் கேக்குதேன். சம்பந்தமில்லாத ஆளு வெயில்ல நின்னு நமக்கு எதுக்குப் புத்தி சொல்லணும்? வேலை போன டிரைவரு. தரகன் அம்பது ரூபா குடுத்திருப்பான்."

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுத் தனியாகப் போனார். கைப்பையில் தங்கம் பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு மாணவி மூலம் வாங்கிக் கொடுத்த லாடக் காந்தம் இருந்தது. தகரம் இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். அடிபட்டு மாவு பூசிப் பெயிண்ட் அடித்த இடத்தில் ஒட்டாது. இதைச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. யோசித்துக் கண்டுபிடித்தார். கதவு கதவாக வைத்துப் பார்த்தார். இடது பின்கதவின் கீழ்ப்பக்கம் காந்தம் நழுவிக் காலில் விழுந்தது.

நிமிர்ந்தபோது காத்தவராயன் நின்றுகொண்டிருந்தார்.

"மறுபடி வந்துட்டீங்களா அக்கா? அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னீங்க தம்பி. எனக்குத்தான் மறந்துபோச்சு. கியர்பாக்ஸ்ல என்ன கோளாறுன்னீங்க?"

"மூணாவது கியர் நிக்காதுக்கா. தானா கழண்டுக்கும். ரோட்ல போகும்போது ரொம்ப ஆபத்து."

"ரிவர்ஸ்?"

"ரிவர்ஸ் பிரச்னை இல்ல."

சாந்தகுமாரி எழுதி முடித்து ஒரு கோடு போட்டார். "இந்தக் கதவு எப்ப அடிபட்டுது?"

காத்தவராயன் கதவைப் பார்த்தார், காந்தத்தைப் பார்த்தார். "எந்தக் கதவு?" என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு பக்கங்களையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினார். சனிக்கிழமை ரிவர்ஸ், திங்கட்கிழமை மூன்றாவது கியர். ஆறு வருஷம் ஓட்டின டிரைவருக்கு எந்த கியர் என்று மறக்குமா? ஆறு வருஷம் ஓட்டின டிரைவருக்குக் கதவு அடிபட்டது தெரியாமல் இருக்குமா? இல்லாத கோளாறைச் சொல்கிறான், இருக்கிற கோளாறை மறைக்கிறான். ஆக, கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது. யாரோ இந்த வண்டியை மலிவாக அடிக்கப் பார்க்கிறார்கள்.

"அப்ப வாங்கலாம்ங்கியா?"

"வாங்கத்தான் போறேன்."

ஐம்பத்தோராயிரத்து ஒன்று என்று தொகை எழுதி, ஐயாயிரம் டெபாசிட் வைத்து, உறையை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டு, தபாலை நம்பாமல் நேரில் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார். அதே நாள் தன் அலுவலகத்தில் இன்னொரு காரியமும் செய்தார். அரசாங்க ஊழியர் பெரிய பொருள் வாங்கினால் மேலிடத்துக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. பின்னால் ஒருவர் விரல் நீட்டக்கூடாது என்று, முன்கூட்டியே ஒரு விண்ணப்பம் டைப் செய்தார். 'கீழ்க்கண்ட காரை வாங்க அனுமதி அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' மூன்று பிரதி. ஒரு பிழை இல்லை.

டெண்டர் திறந்த அன்று ஒரு நீண்ட கூடத்தில் மின்விசிறிகளுக்குக் கீழே ஐம்பது அறுபது பேர். அதிகாரி ஒவ்வோர் உறையாகக் கிழித்துப் பெயரையும் தொகையையும் உரக்கப் படித்தார். சாந்தகுமாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார், தனக்குச் சம்பந்தமில்லாத பதினாறு கார்களையும் சேர்த்து. கொரோனா கடைசியாக வந்தது. ஆறு பேர். தரகர்கள் நால்வரும் பேசிவைத்தாற்போல் முப்பதுகளில் நின்றார்கள். ஐந்தாவது உறை: "காத்தவராயன், ஐம்பதாயிரத்து ஐந்நூற்று ஒன்று." பேனா நின்றுவிட்டது. ஆறாவது சாந்தகுமாரியின் உறை.

முன்வரிசையில் ஒரு தரகர் திரும்பி அவரைப் பார்த்து, "அச்சா, பஹன்ஜி!" என்று கையைத் தட்டினார்.

வெளியே வராந்தாவில் காத்தவராயன் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். தரகரின் ஆள் இல்லை. அவருக்கே வண்டி வேண்டும். சாந்தகுமாரி நேராகப் போய் எதிரில் நின்றார்.

"பொய்தான சொன்னீங்க?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"நம்ம ஊர்க்காரங்கன்னு சொன்னது நிஜம்." கொஞ்சம் பொறுத்து, "கதவை இடிச்சது நான்தான். தூதரகத்துக்கே தெரியாது. கரோல் பாக்ல என் காசுல ரிப்பேர் பண்ணினேன்" என்றார். "ஹோட்டல் டூரிஸ்டுக்கு ஓட்டலாம்னு நெனச்சேன். பாங்க் லோன் பேசிட்டேன். இந்த வண்டியோட ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரியும். ஐநூறு ரூபாயில போச்சு."

"போகட்டும். என்னை ஏமாத்தப் பாத்தீங்கல்ல."

"ஏமாறலியே அக்கா நீங்க."

அவர் சொன்னதையும் எழுதிக்கொண்டுதான் சாந்தகுமாரி போனார்.

பாக்கிப் பணத்தைக் கட்டப் பதினைந்து நாள் கெடு. மூன்றாம் நாள் நிர்வாகப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். செக்‌ஷன் ஆபீஸர் ராஜசேகரன், வேலூர்க்காரர், பத்து வருடப் பழக்கம். அன்று உட்காரச் சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு பேனாவும் வெள்ளைத் தாளும்.

"மேடம், யாருக்காக இந்த வண்டியை வாங்கறீங்க?"

"எங்க அக்காவுக்கு. இடுப்புல ஆப்பரேஷன் ஆனது உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும். ஆனா ஃபைலுக்குத் தெரியாதே. அந்தத் தூதரகத்துல யாராவது பழக்கமா?"

"டிரைவரைத் தெரியும். முன்னால டிரைவரா இருந்தவரை."

ராஜசேகரன் எழுதிக்கொண்டார். "எப்படிப் பழக்கம்?"

"வண்டியை வாங்காதீங்கன்னு சொன்னார்."

"வாங்காதீங்கன்னு சொன்னதை ஏன் வாங்கறீங்க?"

சாந்தகுமாரி அதற்குச் சரியான பதில் வைத்திருந்தார். சொல்ல ஆரம்பித்தபோது தன் பதில் தன் காதிலேயே நம்பும்படியாக இல்லை. காந்தம், கியர், இரண்டு நோட்டுப் பக்கம். எதிரில் இருந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். இருபத்தைந்து வருடமாகத் தான் பிறரைப் பார்த்த பார்வையில் இப்போது தன்னை ஒருவர் பார்க்கிறார் என்பது சாந்தகுமாரிக்கு நன்றாகவே புரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. தரகருங்க ஸ்டாஃப் பேர்ல வாங்கறது உண்டு. மேல கேப்பாங்க. விஜிலன்ஸுக்கு அனுப்பிட்டு, வந்ததும் சொல்றேன்."

"எத்தனை நாளாகும்?"

"ஜல்தியா அனுப்பச் சொல்றேன்" என்றார். அது ஆறு மாதம் என்று அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

அதே பிரிவில் அசிஸ்டென்டாக இருந்த வைதேஹி, கும்பகோணத்துக்காரர், மத்தியானம் டிஃபன் பாக்ஸோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "சாந்தா, நீங்க எதுக்குப் பர்மிஷன் கேட்டேள்?"

"கேக்கணுமில்லா?"

"யாரு சொன்னா? நம்ம ஆபீஸோட கொடுக்கல் வாங்கல் இருக்கறவா கிட்ட வாங்கினாத்தான் முன்னாடி கேக்கணும். இது டெண்டர். வாங்கிட்டு ஒரு மாசத்துக்குள்ள தெரியப்படுத்தினாப் போறும். ஒத்தைக் காயிதம். கேட்டா ஃபைலாயிடும், ஃபைலானா எல்லாரும் கேள்வி கேப்பா."

"எந்த உத்தரவுல இருக்கு?"

வைதேஹி எழுந்து போய் ஒரு சுற்றறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார். நாலு வருடத்துக்கு முந்தையது. இரண்டாம் பத்தியில் தெளிவாக இருந்தது. அடியில், டைப் செய்தவரின் முதலெழுத்துகள் சிறியதாக. சாந்தகுமாரியின் முதலெழுத்துகள். ஊரில் ஒருவர் சொல்லையும் விடாமல் சலித்தவர், தன் கையால் டைப் செய்ததை ஒருநாளும் வாசிக்கவில்லை.

"இப்ப வாபஸ் வாங்கினா?"

"விஜிலன்ஸுக்குப் போனதுக்கப்புறம் வாபஸ் வாங்கினா, ஏன் வாபஸ் வாங்கினேள்னு இன்னொரு ஃபைல் ஆரம்பிப்பா. பேசாம இருங்கோ."

அனுமதி வருவதற்கு முன் வாங்கினால் விதிமீறல் என்று எழுதுவார்கள். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். அக்காவின் பெயருக்கு மாற்றலாமா என்று டெண்டர் ஆபீஸில் கேட்டார். மாற்ற முடியாது. கெடுவுக்குள் கட்டாவிட்டால் டெபாசிட் போய்விடும், வண்டி அடுத்த பெயருக்குப் போகும் என்றார்கள். அந்த அடுத்த பெயர் நோட்டில் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மாலை, டெண்டர் பட்டியலில் இருந்த முகவரியைத் தேடிக்கொண்டு போனார். கரோல் பாக்கில் துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து, மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. காத்தவராயன் லுங்கியோடு ஸ்டவ்வில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தார். எழுந்து சட்டையைத் தேடினார்.

"சட்டையெல்லாம் வேண்டாம், உக்காருங்க. அந்த வண்டி உங்களுக்கு இன்னும் வேணுமா?"

காத்தவராயன் ஸ்டவ்வை அணைத்தார். "என்ன கோளாறு கண்டுபிடிச்சீங்க?"

"வண்டியில ஒண்ணுமில்ல. எனக்குத்தான் கோளாறு." நடந்ததைச் சொன்னார்.

காத்தவராயன் முழுவதும் கேட்டார். நம்பவில்லை. "இவ்வளவு வெவரமான ஆளு அந்தத் தப்பு பண்ணுவீங்களா? நிஜமா கியர்பாக்ஸ் எதாச்சும் ஆயிடுச்சா? யாராச்சும் கிளப்பிப் பாத்தாங்களா?"

"என் வாயிலேர்ந்து இன்னொரு தடவை கேக்கணுமா?"

"கேக்கணும்."

சாந்தகுமாரி இரண்டாம் முறை சொன்னார். ஒரு சொல் மாறவில்லை.

"சரி" என்றார் காத்தவராயன். "நான் என்ன செய்யணும்?"

"நான் பணம் கட்டலன்னா வண்டி உங்களுக்கு வரும். ஜூலையிலேர்ந்து பள்ளிக்கூடம் உள்ள நாளெல்லாம் காலையில எங்க அக்காவ புசா ரோட்டுல விடணும், மத்தியானம் கூட்டிட்டு வரணும். மாச வாடகை. என் ஐயாயிரம் உங்களாலதான் போவுது..."

"என்னாலயா? உங்க விண்ணப்பத்தாலக்கா."

"சரி, பாதி உங்களால. நீங்க குறைஞ்ச வெலைக்கு வாங்குதீங்கல்ல? அந்த ஐயாயிரத்த வாடகையில கழிக்கணும். முழுசும்."

"பாதி."

"எங்கக்கா ஒரு தடவ உங்களுக்கு நல்ல மனுஷன்னு பட்டம் குடுத்தா. அதுக்காகவாச்சும்."

காத்தவராயன் சிரித்துவிட்டார். "முழுசும். ஆனா நான் வராம போயிட்டா என்ன செய்வீங்க?"

"அதத்தான் நானும் யோசிச்சிட்டு இருக்கேன். எனக்கு உங்க மேல நம்பிக்கை கிடையாது."

"எனக்கும்தான்."

ஒப்பந்தத்தை அலுவலக மெஷினில் டைப் செய்யச் சாந்தகுமாரியின் மனம் ஒப்பவில்லை. அஜ்மல்கான் ரோட்டில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் மணிக் கணக்கில் காசு கொடுத்து அடித்தார். காலை ஆறே முக்காலுக்கு வாசல். வண்டி நின்றுபோனால் வேறு வண்டி, காத்தவராயன் பொறுப்பு. முன் சீட்டு கடைசி வரை பின்னால் தள்ளப்பட்டிருக்க வேண்டும். இந்த முறை அடித்ததை மூன்று தடவை வாசித்தார். காத்தவராயன் தமிழில் கையெழுத்துப் போட்டார். அதற்குச் சாட்சி வைதேஹி.

மே மாதம் கெடு தாண்டியது. டெபாசிட் போயிற்று. ஜூன் முதல் வாரம் காத்தவராயனுக்குக் கடிதம் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சந்துக்குப் போனார். அறை பூட்டியிருந்தது. பக்கத்து அறைக்காரர் "காவ் சலா கயா" என்றார்; ஊருக்குப் போய்விட்டாராம். எப்போது வருவார் என்று தெரியாது. அடுத்த வாரமும் பூட்டு. அதற்கடுத்த வாரமும் பூட்டு. மைதானத்துக்குப் போய்ப் பார்த்தார். கொரோனா நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"வண்டிய எடுத்துட்டான்" என்றார் வீட்டுக்கு வந்து. "எடுத்துட்டு ஆளு மறைஞ்சிட்டான். ஹோட்டல் சவாரியில ஒரு நாளைக்கு என்ன கிடைக்கும் தெரியுமா? நமக்கு எதுக்கு வாரான்?"

"கையெழுத்துப் போட்டிருக்கானே" என்றார் தங்கம்.

"கோர்ட்டுக்குப் போனா நீ ரிட்டையர் ஆன பெறவுதான் தீர்ப்பு வரும்."

"ஏட்டி, வந்தா வாரான். வராட்டா பத்தாம் கிளாஸ் பிள்ளைகளுக்கு வேற டீச்சர் வரும். அதுக்காக நீ தூங்காம இருந்து என்ன?" தங்கம் சொல்லிவிட்டு, துவைத்து இஸ்திரி போட்டிருந்த சேலையை மறுபடி ஒரு முறை மடித்து வைத்தார். பள்ளி திறக்க இன்னும் மூன்று நாள் இருந்தது.

ஜூலை, பள்ளி திறக்கும் திங்கட்கிழமை. காலை ஆறரைக்குச் சாந்தகுமாரி வாசலில் நின்றார். முந்தின நாளே டாக்ஸி ஸ்டாண்டில் பேசி ஒரு கறுப்பு மஞ்சள் அம்பாசடரையும் வரச் சொல்லியிருந்தார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாவது முதல் நாள் போய்விடட்டும் என்று. அது முதலில் வந்து நின்றது. சர்தார்ஜி ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டார்.

ஆறு நாற்பதுக்கு முனையில் வெளிர்நீலம் தெரிந்தது. அரைத் தூக்கத்தில் இருந்த தெருவில் சத்தமே இல்லாமல் வந்து நின்றது. காத்தவராயன் இறங்கினார். வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. டாக்ஸியைப் பார்த்தார்.

"இது யாருக்குக்கா?"

"எங்க போயிருந்தீங்க ஒரு மாசமா?"

"லால்குடிக்கு. பாங்க் கொடுத்தது பத்தல. வீட்ல சங்கிலியைக் கேட்டு வாங்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. அப்புறம் இங்க வந்து ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பத்து நாள். முந்தாநாள்தான் நம்பர் கிடைச்சுது."

"ஒரு கார்டு போடக் கூடாதா?"

"போட்டா நம்பியிருப்பீங்களா?"

சாந்தகுமாரி வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். முன்கதவைத் திறந்து பார்த்தார். சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. முதுகு சாய்ந்திருந்தது. தங்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு காலை எடுத்து வைத்து, இன்னொரு காலை எடுத்து வைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டார். சாந்தகுமாரி குனிந்து கிலோமீட்டரை நோட்டில் குறித்தார். கொரோனா கிளம்பி, முனை திரும்பியது.

"மாதாஜி, நான் போகட்டுமா?" என்றார் சர்தார்ஜி.

அலுவலகம் கிழக்கே இருந்தது. கொரோனா மேற்கே போயிருந்தது. சாந்தகுமாரி டாக்ஸியின் பின்கதவைத் திறந்து ஏறினார்.

"அந்த நீல வண்டி பின்னால போங்க சர்தார்ஜி."

சர்தார்ஜி கண்ணாடியில் அவரைப் பார்த்தார். மீட்டரைப் போட்டார். பஞ்ச்குயான் ரோடு, ஜண்டேவாலான், ஏற்றம் ஏறி இறங்கி புசா ரோடு. கொரோனா எந்த ஹோட்டல் பக்கமும் திரும்பவில்லை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளின் கூட்டத்துக்குள் மெதுவாகப் போய், படிக்கட்டுக்கு எதிரிலேயே நின்றது. டாக்ஸி எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில் நின்றது.

காத்தவராயன் சுற்றி வந்து கதவைத் திறந்தார். கை நீட்டினார். தங்கம் கையைப் பிடிக்கவில்லை. கைத்தடியை ஊன்றித் தானாகவே எழுந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார்கள். மணி இன்னும் அடிக்கவில்லை.

படியேறப் போனவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். சாலைக்கு எதிரே, மரத்தடியில் நின்ற டாக்ஸியை நோக்கிக் கைத்தடியைத் தூக்கி நீட்டினார். பள்ளிக்கூட வாசல் முழுவதும் கேட்கும்படி, வகுப்பில் பேசும் குரலில் கத்தினார்:

"ஏட்டி சாந்தா! மீட்டர் ஓடுது, ஆபீசுக்குப் போ!"